அரசின் எண்கள்: திருத்தம் வரும் முன்பே முடிவு வந்துவிடுகிறது

2012 மார்ச் 12 அன்று மத்தியப் புள்ளியியல் அலுவலகம் அந்த ஆண்டு ஜனவரிக்கான தொழில் உற்பத்திக் குறியீட்டெண்ணை வெளியிட்டது. வளர்ச்சி 6.8 சதவீதம். மூன்று நாள் கழித்து ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான ரெப்போ வட்டியை 8.5 சதவீதத்திலேயே நிறுத்திவைத்தது. மறுநாள், மார்ச் 16, மத்திய பட்ஜெட். எல்லாம் முடிந்து ஏப்ரல் 12 அன்று அதே அலுவலகம் ஒரு திருத்தம் வெளியிட்டது: ஜனவரி வளர்ச்சி 6.8 அல்ல, 1.1. சர்க்கரைதான் காரணம். 58.09 லட்சம் டன் என்று பதிவாகியிருக்க வேண்டிய உற்பத்தி, 134.08 லட்சம் டன் என்று கணக்கில் ஏறியிருந்தது. ஏப்ரல் 17 அன்று ரிசர்வ் வங்கி வட்டியை அரை சதவீதம் குறைத்தது.

மார்ச் முடிவு இந்த ஒரு எண்ணால் எடுக்கப்பட்டது என்று சொல்வதற்கில்லை. பணவீக்கம், பற்றாக்குறை என்று வேறு கவலைகளும் அப்போது மேசைமேல் இருந்தன. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். எண் வந்தது, முடிவுகள் வந்தன, பிறகுதான் திருத்தம் வந்தது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. தவறு தெரிந்ததும் மறைக்கவும் இல்லை. ‘அரசு சொல்லும் கணக்கை நம்பலாமா, கூடாதா’ என்று நடக்கும் பட்டிமன்றங்களில் இந்த வகைத் தவறுக்கு இடமே இருப்பதில்லை. நடைமுறையில் அதிகம் சேதம் செய்வது இதுதான். அரசின் எண்களுக்குத் தேதி உண்டு, பிழைவரம்பு உண்டு, நிபந்தனைகள் உண்டு. அவை ஒரு சட்டத்திலோ நிதி ஒதுக்கீட்டிலோ நுழையும்போது இந்த மூன்றும் வாசலிலேயே கழன்றுவிடுகின்றன. பின்னாளில் எண் திருத்தப்பட்டாலும், அதை வைத்து எடுத்த முடிவு பெரும்பாலும் அப்படியே நின்றுவிடுகிறது.

ஒரே ஆண்டு, பல வளர்ச்சி விகிதங்கள்

மொத்த உள்நாட்டு உற்பத்தி எனப்படும் ஜிடிபியின் முதல் முன்மதிப்பீடு ஜனவரி முதல் வாரத்தில் வருகிறது. நிதியாண்டு முடிய அப்போது இன்னும் மூன்று மாதம் பாக்கி. இவ்வளவு அவசரம் எதற்கு என்றால், பிப்ரவரி 1 பட்ஜெட்டுக்கு. நிதிப் பற்றாக்குறையை ‘ஜிடிபியில் இத்தனை சதவீதம்’ என்று சொல்லக் கீழே வகுப்பதற்கு ஓர் எண் தேவை. எனவே கிடைத்திருக்கும் ஏழெட்டு மாதத் தரவை எடுத்துக்கொண்டு, பாக்கி மாதங்களைப் பழைய போக்கின்படி நீட்டிக் கணக்கிடுகிறார்கள். பிப்ரவரி இறுதியில் இரண்டாவது முன்மதிப்பீடு, மே இறுதியில் தற்காலிக மதிப்பீடு, அதன்பின் ஆண்டுக்கணக்கில் திருத்திய மதிப்பீடுகள். நிறுவனங்களின் முழுக் கணக்குகள், தொழிற்சாலைகளின் ஆண்டு ஆய்வு, மாநில அரசுகளின் இறுதிச் செலவு ஆகியவை மெதுவாகத்தான் வந்து சேரும்.

2016-17ஐ எடுத்துக்கொள்வோம். பணமதிப்பிழப்பு நடந்த ஆண்டு. அந்த ஆண்டின் வளர்ச்சி முதலில் 7.1 சதவீதம் என்று வந்தது. 2019 ஜனவரி இறுதியில் அது 8.2 ஆகத் திருத்தப்பட்டது. ரொக்கம் முடங்கிய ஆண்டில் வளர்ச்சி கூடியது எப்படி என்று பலரும் புருவம் உயர்த்தினார்கள். கணக்குப் போடும் முறையைப் பார்த்தால் இதற்கான வழி தெரியும். பதிவு பெற்ற நிறுவனங்களின் கணக்குகள் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தரவுத்தளத்தில் ஆண்டுதோறும் சேர்கின்றன. பதிவில்லாத சிறு தொழில்களுக்கு அப்படி ஏதும் இல்லை. 2011-12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில், அவற்றின் அளவு 2010-11இல் நடந்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளுக்கு, பெரிய நிறுவனங்களின் போக்கு உள்ளிட்ட மாற்றுக் குறிகாட்டிகளை வைத்து நீட்டினார்கள். இரண்டு துறைகளும் சேர்ந்து ஏறி இறங்கும்வரை இந்த ஏற்பாடு பரவாயில்லை. சிறு பட்டறை மூடி அதன் வாடிக்கையாளர் பெரிய நிறுவனத்துக்குப் போனால், பெரிய நிறுவனத்தின் லாபம் கூடும். மூடிய பட்டறையும் அதே அளவு வளர்ந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். துறைகள் பிரிந்து நகரும் காலத்தில்தான் துல்லியமான எண் அதிகம் தேவைப்படுகிறது. இந்த முறை தடுமாறுவதும் அப்போதுதான்.

விலை நீக்கம் இன்னொரு சிக்கல். ரூபாய் மதிப்பில் வரும் வளர்ச்சியிலிருந்து விலையேற்றத்தைக் கழித்தால்தான் உண்மை வளர்ச்சி. எந்த விலையைக் கழிப்பது? 2015-16இல் மொத்த விலைக் குறியீட்டெண் சுருங்கியது. நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஏறக்குறைய 5 சதவீதம் ஏறியது. ஆலைத் துறையின் கூடுதல் மதிப்புக்கு (உற்பத்தி மதிப்பில் மூலப்பொருள் செலவு போக மிஞ்சுவது) மொத்த விலையை வைத்தே அன்று விலை நீக்கம் செய்தார்கள். கச்சா எண்ணெய் விழுந்து மூலப்பொருள் மலிந்த காலத்தில் இது உண்மை வளர்ச்சியைப் பெரிதாகக் காட்டும். உற்பத்திப் பொருளுக்கு ஒரு விலை, மூலப்பொருளுக்கு ஒரு விலை என்று இரண்டையும் தனித்தனியே நீக்குவதே சரியான முறை. அதற்கு உற்பத்தியாளர் விலைகள் பற்றிய விரிவான தரவு வேண்டும். மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த அரவிந்த் சுப்பிரமணியன் 2011-12 முதல் 2016-17 வரையிலான வளர்ச்சி 7 சதவீதம் அல்ல, 4.5 சதவீதத்தை ஒட்டியே இருந்திருக்கும் என்று 2019இல் வாதிட்டார். அரசு அதை மறுத்தது. அவருடைய அளவை ஏற்காதவர்களிலும் பலர், விலை நீக்கத்தில் சிக்கல் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டார்கள்.

வராமல் போன ஓர் ஆய்வு

ஓர் எண் தவறினால் திருத்திக்கொள்ளலாம். ஓர் ஆய்வே வராமல் போனால் அதன் விளைவு எங்கெங்கோ போய் முளைக்கும். 2017-18இல் நடந்த வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வு அப்படிப்பட்டது. தரவின் தரம் சரியில்லை என்று காரணம் சொல்லி, 2019 நவம்பரில் அரசு அதை வெளியிடாமல் நிறுத்தியது. அடுத்த ஆய்வின் முதல் முடிவுகள் 2024 பிப்ரவரியில்தான் வந்தன. 2011-12க்கும் 2022-23க்கும் நடுவே பதினோரு ஆண்டு வெற்றிடம்.

இந்த ஆய்வு மக்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று கேட்கிறது. நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு எடை என்பது இதிலிருந்து வருகிறது. வறுமைக் கணக்கு இதிலிருந்து வருகிறது. ஜிடிபியின் அடிப்படை ஆண்டை 2017-18க்கு மாற்றும் யோசனையும் இருந்தது, அதுவும் நின்றுபோனது. ஆகவே 2011-12இல் மக்கள் வாங்கிய கூடையை வைத்தே 2025 வரை பணவீக்கம் அளக்கப்பட்டது. அந்தக் கூடையில் உணவு மற்றும் பானங்களின் எடை 45.86 சதவீதம். ஆனால் 2022-23 ஆய்வின்படி, வீட்டுச் செலவில் உணவின் பங்கு கிராமங்களில் 52.9இலிருந்து 46.4க்கும், நகரங்களில் 42.6இலிருந்து 39.2க்கும் இறங்கியிருந்தது.

இது வெறும் தசமக் கணக்கு அல்ல. உணவு விலை 10 சதவீதம் ஏறுகிறது, மற்றவை 3 சதவீதம் ஏறுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். உணவின் எடை 46 என்றால் மொத்தப் பணவீக்கம் 6.2 சதவீதம். எடை 40 என்றால் 5.8. ரிசர்வ் வங்கிக்குச் சட்டப்படி உள்ள இலக்கு 4 சதவீதம், மேல் எல்லை 6. தொடர்ந்து மூன்று காலாண்டு சராசரி 6ஐத் தாண்டினால் ஏன் தவறினோம் என்று அரசுக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டும். 2022இல் அப்படி நேர்ந்தது. மேலே போட்ட கணக்கில் கடைவீதியில் ஒரு விலைகூட மாறவில்லை. எடை மட்டும் மாறியது, எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த எண் இந்தப் பக்கம் வந்துவிட்டது. வீட்டுக் கடனின் மாதத் தவணை இந்த எல்லையைப் பார்த்து ஏறி இறங்குகிற ஒன்று.

கேள்வி கேட்கும் விதமும் எண்ணை மாற்றும். 1999-2000 நுகர்வு ஆய்வில் உணவுச் செலவைக் கடந்த 30 நாளுக்கும் கடந்த 7 நாளுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் கேட்டார்கள். ஒரு வாரக் கணக்கு பொதுவாக அதிகமாக வரும், ஏனென்றால் மறதி குறைவு. இரண்டையும் ஒரே ஆளிடம் கேட்டதால், பதில் சொன்னவர்கள் ஒன்றோடு ஒன்றைப் பொருத்திச் சொல்லிவிட்டார்கள். 30 நாள் எண்ணும் உயர்ந்தது. வறுமை 1993-94இல் 36 சதவீதமாக இருந்தது, 26 ஆகக் குறைந்துவிட்டது என்று அறிவிப்பு வந்தது. அதில் எவ்வளவு உண்மையான குறைவு, எவ்வளவு கேள்வித்தாளின் வேலை என்று பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகள் மோதிக்கொண்டார்கள். 2022-23 ஆய்விலும் முறை மாறியது: ஒரே முறை போய் எல்லாவற்றையும் கேட்பதற்குப் பதிலாக, மூன்று மாதங்களில் மூன்று முறை போய் மூன்று வினாத்தாள்களைப் பூர்த்தி செய்தார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் 2011-12 எண்ணையும் 2022-23 எண்ணையும் அருகருகே வைத்து ‘இவ்வளவு முன்னேற்றம்’ என்று கழித்துக் காட்டும்போது, அளவுகோல் மாறியதன் பங்கும் அந்த வித்தியாசத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.

வேலையின்மை 3.2 சதவீதமா, 4.9 சதவீதமா?

இரண்டும் சரி. 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான தொழிலாளர் ஆய்வின் இரண்டு எண்கள் இவை. முதலாவது ‘வழக்கமான நிலை’: கடந்த 365 நாளில் ஒருவர் பெரும்பாலும் என்ன செய்தார் என்று பார்த்து, துணை வேலையாக 30 நாள் செய்திருந்தாலும் வேலையில் இருப்பவராகச் சேர்த்துக்கொள்ளும். இரண்டாவது ‘நடப்பு வார நிலை’: கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால் போதும், அவர் வேலையில் இருப்பவர். சம்பளமில்லாமல் குடும்ப வயலிலோ கடையிலோ உதவுவதும் வேலைதான். மேடையில் பேசுகிறவர்கள் தங்களுக்குத் தோதான ஒன்றை எடுத்துக்கொண்டு, எது என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு மணி நேர வரையறையை ஏமாற்று வேலை என்று திட்டுவதும் பொருந்தாது. அது உலகத் தொழிலாளர் அமைப்பின் வழக்கம், ஜிடிபி வரையறையோடு இணங்கி வருவதற்காக வைத்தது. வேலையின் தரத்தையோ கூலியையோ அறிய வேண்டுமென்றால் இந்த எண்ணிடம் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

மாவட்ட அளவிலான எண்களில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. அந்த ஆய்வு நாடு முழுவதும் சுமார் ஒரு லட்சம் குடும்பங்களிடம் நடந்தது. 700க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்குப் பங்கிட்டால் மாவட்டத்துக்கு 140 குடும்பம். அதில் தொழிலாளர் அணியில் இருப்பவர்கள் 250 பேர் என்று கொள்வோம். வேலையின்மை 5 சதவீதம் என்று வந்தால், அதன் பிழைவரம்பு இப்படி: 0.05ஐ 0.95ஆல் பெருக்கி, 250ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.0138. இதை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய 2.8 சதவீதப் புள்ளி. உண்மை எண் 2.2 முதல் 7.8 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரே ஊரில் அடுத்தடுத்த வீடுகள் ஒரே மாதிரி இருப்பதால் நிஜப் பிழை இன்னும் விரியும். இந்த நிலையில் 4.8 சதவீத மாவட்டத்தைப் பாராட்டி, 5.6 சதவீத மாவட்டத்தின் ஆட்சியரிடம் விளக்கம் கேட்பது சீட்டுக் குலுக்கிப் போடுவதற்குச் சமம். தேசிய அளவில் உறுதியான எண், கீழே இறங்க இறங்க உதிர்ந்துபோகும். தரவரிசைப் பட்டியல் போடுகிறவர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை.

பதில் சொல்ல மறுப்பது இன்னொரு வழியில் அரிக்கிறது. பிரிட்டனின் தொழிலாளர் ஆய்வில் பதில் விகிதம் 2023இன் மூன்றாம் காலாண்டில் 17.3 சதவீதத்துக்கு விழுந்தது. அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் அக்டோபரில் வழக்கமான வெளியீட்டையே நிறுத்த வேண்டிவந்தது. மத்திய வங்கி வட்டி முடிவெடுக்கும் நேரத்தில் ஆய்விலிருந்து நேரடியாக வரும் வேலையின்மை எண் கைவசம் இல்லை. இந்தியாவில் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது: குடிசைப் பகுதியில் கணக்கெடுப்பாளர் உள்ளே போய்விடலாம், காவலாளி நிற்கும் அடுக்ககத்தில் அது நடப்பதில்லை. விடுபடுவது வசதியானவர்கள் என்பதால் ஏற்றத்தாழ்வு குறைத்துக் காட்டப்படும்.

இருபத்தைந்து சதுர மீட்டர்

அலுவலகப் பதிவேட்டிலிருந்து எடுக்கும் எண்ணுக்கு, சிலரை மட்டும் கேட்பதால் வரும் மாதிரிப் பிழை கிடையாது. எல்லாரையும் எண்ணுகிறோம் அல்லவா என்பார்கள். அதற்கு வேறொரு நோய் உண்டு. எண்ணை எழுதுபவரே அந்த எண்ணால் மதிப்பிடப்படுபவர்.

பயிர்க் காப்பீட்டில் இது வெட்டவெளிச்சமாகத் தெரியும். விளைச்சல் எவ்வளவு என்பதைப் பயிர் அறுவடைப் பரிசோதனை முடிவு செய்கிறது. சீட்டுப்போல் தற்செயல் எண்களைக் கொண்டு சர்வே எண்ணைத் தேர்ந்து, வயலின் ஒரு மூலையிலிருந்து இத்தனை அடி நீளம், இத்தனை அடி அகலம் என்று அதையும் தற்செயலாகவே குறித்து, பெரும்பாலான பயிர்களுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டுகிறார்கள். உள்ளே இருப்பதை அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்து, ஒரு பகுதியைக் காயவைத்து ஈரத்தைக் கழிக்கிறார்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் முக்கியப் பயிர்களுக்கு ஊராட்சி அல்லது கிராம அளவில் குறைந்தது நான்கு பரிசோதனை. நான்கும் சேர்ந்து 100 சதுர மீட்டர். ஊரின் மொத்தச் சாகுபடிக்கும் இழப்பீடு கிடைக்குமா இல்லையா என்பதை இந்த நூறு சதுர மீட்டர் சொல்கிறது.

கணக்கைப் பாருங்கள். 25 சதுர மீட்டரில் ஒரு கிலோ கூடினால் ஹெக்டேருக்கு 400 கிலோ கூடும். வரம்பு விளைச்சல் (இதற்குக் கீழே போனால்தான் இழப்பீடு) ஹெக்டேருக்கு 4,000 கிலோ என்றால், நான்கு பரிசோதனையில் ஒன்றில் மட்டும் ஒரு கிலோ தவறினாலும் சராசரி 100 கிலோ நகரும். இழப்பீடு காப்பீட்டுத் தொகையில் 2.5 சதவீதம் மாறும். கயிறு சற்றுத் தளர்ந்து கட்டப்படுவது, ஈரநெல்லைக் காய்ந்ததாக எழுதுவது, விவசாயி முன்கூட்டியே அறுத்துவிட்டதால் பக்கத்து வயலை எடுத்துக்கொள்வது, வயலுக்கே போகாமல் சென்ற ஆண்டு எண்ணைச் சற்று மாற்றி எழுதுவது என்று தவறும் வழிகள் நிறைய. விவசாயிக்கு எண் குறைய வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்குக் கூட வேண்டும். உற்பத்தி இலக்கு வைத்திருக்கும் துறைக்கும் கூடத்தான் வேண்டும். நாட்டின் நெல் உற்பத்தி மதிப்பீட்டுக்கு அடித்தளமாக இருப்பதும் இதே வகைப் பரிசோதனைகள்தான்.

இது முற்றிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு 1958 சீனா சாட்சி. கீழ்மட்ட அதிகாரிகள் போட்டி போட்டுக்கொண்டு விளைச்சலை ஏற்றிச் சொன்னதில், தானிய உற்பத்தி 37.5 கோடி டன் என்று அறிவித்தார்கள். பிறகு 25 கோடி என்று குறைத்தார்கள். உண்மை 20 கோடியை ஒட்டியது. அரசு கொள்முதல் செய்தது அறிவித்த எண்ணின்படி. கிராமங்களில் மிஞ்ச வேண்டியது மிஞ்சவில்லை. பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மடிந்தார்கள்.

பதிவேட்டு எண்ணைச் சரிபார்க்க ஒரே நம்பகமான வழி, அந்தத் துறைக்குச் சம்பந்தமில்லாத இன்னொருவர் எடுத்த ஆய்வோடு ஒப்பிடுவது. கிராமப்புற இந்தியா திறந்தவெளியில் மலம் கழிக்காத நிலையை எட்டிவிட்டது என்று 2019 அக்டோபர் 2 அன்று அறிவிப்பு வந்தது. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் நகரமும் கிராமமும் சேர்த்து 19 சதவீதக் குடும்பங்கள் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தது. ஒன்று கட்டியதை எண்ணியது, மற்றது பயன்படுத்துவதைக் கேட்டது. கோவிட் மரணங்களும் இப்படியே. 2021இன் இறுதிவரை அதிகாரபூர்வக் கோவிட் மரணக் கணக்கு 5 லட்சத்தைத் தொடவில்லை. பிறப்பு இறப்புப் பதிவு அமைப்பின் 2021ஆம் ஆண்டு அறிக்கை 2025 மே மாதம்தான் வெளியானது: 2020இல் 81 லட்சமாக இருந்த பதிவான மரணங்கள், 2021இல் 1.02 கோடி. பதிவு விகிதம் மேம்பட்டதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் ஒரே ஆண்டில் 21 லட்சம் உயர்வை அது முழுமையாக விளக்காது. மருத்துவமனைப் படுக்கைகளைத் திட்டமிட வேண்டிய நேரத்துக்கு நான்கு ஆண்டு பிந்தி வந்த எண் இது.

நிபந்தனையை உதிர்க்கும் முன்கணிப்புகள்

மக்கள்தொகை முன்கணிப்பு ஜோசியம் அல்ல, கூட்டல் கழித்தல். அடிப்படை ஆண்டின் மக்களை வயது, பாலினம் வாரியாகப் பிரித்து, ஐந்தைந்து ஆண்டாக நகர்த்தி, இறப்பவர்களைக் கழித்து, பிறப்பவர்களைச் சேர்த்து, இடம்பெயர்வைக் கூட்டிக் குறைப்பார்கள். முதியோர் பகுதி நன்றாகவே பொருந்திவரும், ஏனென்றால் 2036இன் முதியவர்கள் ஏற்கெனவே பிறந்துவிட்டவர்கள். சறுக்குவது கருவள விகிதத்திலும் (ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள்) இடம்பெயர்விலும். தென்கொரியாவின் அதிகாரபூர்வ முன்கணிப்புகள், விழுந்த கருவள விகிதம் மெல்ல மீண்டும் ஏறும் என்று திரும்பத் திரும்ப அனுமானித்தன. 2023இல் அது 0.72 ஆக இறங்கியது. ஐ.நா. தன் வெளியீட்டில் ஒரு பெண்ணுக்கு அரைக் குழந்தை கூடினால், குறைந்தால் என்று இரு மாற்று வரிசைகளையும் தருகிறது. செய்தித்தாளுக்கு வருவது நடு வரிசை மட்டும்.

நிபந்தனை உதிர்வதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு பிரிட்டன். 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய உறுப்பு நாடுகள் சேரும் முன், ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வரை நிகரமாக வரலாம் என்று அந்நாட்டு உள்துறைக்காக 2003இல் தயாரித்த ஓர் அறிக்கை மதிப்பிட்டது. மற்ற பெரிய நாடுகளும் கதவைத் திறக்கும் என்ற அனுமானம் அந்தக் கணக்கின் பின்னால் இருந்தது. ஜெர்மனி உள்ளிட்ட பெரும்பாலான நாடுகள் திறக்கவில்லை. பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மட்டுமே உடனடியாகத் திறந்தன. 2006 ஜூன் வரையிலான இரண்டு ஆண்டுகளில் 4,27,000 பேர் வேலைக்குப் பதிந்துகொண்டார்கள். பதிவும் நிகர வருகையும் ஒன்றல்ல, பலர் திரும்பிப் போனார்கள். அதைத் தள்ளிப் பார்த்தாலும் தூரம் மிகப் பெரியது. வந்தவர்களை எண்ணுவதும் பிசகியது. பயணிகளிடம் எடுத்த மாதிரி ஆய்வு, புதிய விமானப் பாதைகள் வந்திறங்கிய சிறு விமான நிலையங்களைச் சரியாகப் பிடிக்கவில்லை. 2011 கணக்கெடுப்புக்குப் பிறகு, அந்தப் பத்தாண்டின் நிகரக் குடியேற்றம் 3,46,000 கூட்டித் திருத்தப்பட்டது. பள்ளி இடங்களும் மருத்துவர்களும் பழைய எண்ணின்படி ஒதுக்கப்பட்டிருந்தன.

யார் கையில் கதவு

அரசியல் தலையீடு இல்லை என்பதல்ல. 2017-18இல் 6.1 சதவீத வேலையின்மையைக் காட்டிய ஆய்வு, தேசியப் புள்ளியியல் ஆணையம் ஒப்புதல் தந்த பிறகும் வெளியாகாமல் கிடந்தது. ஆணையத்தின் செயல் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் 2019 ஜனவரியில் விலகினார்கள். தேர்தல் முடிந்து மே இறுதியில் அறிக்கை வந்தது. ரங்கராஜன் தலைமையிலான குழு 2001இல் பரிந்துரைத்தது சட்ட அதிகாரமுள்ள ஆணையம். கிடைத்தது அரசாணையால் அமைந்த ஆணையம்.

கிரீஸ் 2009ஆம் ஆண்டின் பற்றாக்குறையை ஜிடிபியில் 3.7 சதவீதம் என்று சொல்லி, அதே ஆண்டு அக்டோபரில் 12.5 என்று மாற்றி, கடைசியில் 15 சதவீதத்துக்கும் மேல் என்று ஒப்புக்கொண்டது. சரியான எண்ணைக் கணக்கிட்ட புள்ளியியல் தலைவர் ஆண்ட்ரியாஸ் ஜார்ஜியு மீதே வழக்குகள் பாய்ந்தன. அமெரிக்காவில் 2025 ஆகஸ்ட் 1 அன்று மே, ஜூன் மாத வேலை எண்கள் சேர்ந்து 2,58,000 குறைத்துத் திருத்தப்பட்டன. அன்றே தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் ஆணையர் எரிகா மெக்கென்டார்ஃபர் நீக்கப்பட்டார். திருத்துவது குற்றம் என்று ஆகிவிட்டால் அடுத்து வருபவர் என்ன செய்வார்? முதல் எண்ணையே தாமதமாகத் தருவார், அல்லது தவறு தெரிந்தும் தொடாமல் விடுவார். வெளியீட்டுத் தேதியை ஓராண்டுக்கு முன்பே அறிவித்து, அந்த நாளில் யாருடைய அனுமதியும் இல்லாமல் வெளியிடும் வழக்கம் இருந்தால், ஓர் ஆய்வு வெளிவராமல் போவது உடனே எல்லார் கண்ணிலும் படும்.

121 கோடி என்ற வகுக்கும் எண்

எல்லா ஆய்வுகளுக்கும் எந்தக் கிராமம், எந்தத் தெரு, எத்தனை வீடு என்ற பட்டியலைத் தருவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கடைசியாக 2011இல் எடுத்தது. 2021இல் வர வேண்டியது வராததால், இடையில் நகரமாகிவிட்ட ஊர்கள் இன்னும் பழைய பட்டியலில் கிராமமாகவே இருக்கின்றன. மாதிரியை எவ்வளவு கவனமாக எடுத்தாலும் பட்டியல் பழையது.

நேரடியாகப் பாதிக்கப்படுவது ரேஷன். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமங்களில் 75 சதவீதம், நகரங்களில் 50 சதவீதம் வரை மக்களுக்கு உரிமை தருகிறது. எத்தனை பேர் என்பதை, ‘விவரங்கள் வெளியிடப்பட்ட கணக்கெடுப்பின்படி’ நிர்ணயிக்கச் சொல்கிறது. 2011இன் 121 கோடிக்கு அது 81.35 கோடிப் பேர். மத்திய அரசின் தொழில்நுட்பக் குழுவே 2021க்கு முன்கணித்த 136 கோடியை வைத்தால், நகரமயமாதலைக் கழித்தும் ஏறக்குறைய 90 கோடி வரும். சுமார் 9 கோடிப் பேர் ஒரு வரையறையின் இடைவெளியில் நிற்கிறார்கள். முன்கணிப்பைப் பட்ஜெட்டில் தலா வருமானம் காட்ட ஏற்றுக்கொள்கிறோம். அரிசி கொடுக்க ஏற்றுக்கொள்வதில்லை.

புதிய கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1, நள்ளிரவு 12 மணி கணக்கு நேரமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. பனிப் பிரதேசங்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1. இதன்மேல் ஏறப்போகும் சுமை முந்தைய கணக்கெடுப்புகளைவிட அதிகம். மாநிலங்களுக்கான மக்களவை இடங்கள் 1971 எண்ணில் உறைந்திருக்கின்றன. அந்த உறைநிலை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும்வரைதான். நிதிப் பகிர்விலும் அடிப்படை எண் மாறுவதன் எடை தெரியும்: 2011 மக்கள்தொகைக்கு முதன்முறையாக இடம் தந்த 14ஆவது நிதிக்குழுவில், வேறு அளவுகோல்களும் மாறிய நிலையில், மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் மத்திய வரியில் தமிழ்நாட்டின் பங்கு 4.969 சதவீதத்திலிருந்து 4.023க்கு இறங்கியது.

இவ்வளவு முடிவுகளைத் தாங்கும் அந்த எண்ணுக்கும் பிழைவரம்பு உண்டு. கணக்கெடுப்பு முடிந்ததும் தேர்ந்தெடுத்த பகுதிகளில் மீண்டும் வீடு வீடாகப் போய் யார் விடுபட்டார்கள் என்று பார்க்கும் மறுகணக்கெடுப்பு ஆய்வு நடக்கும். 2011இல் அதன் முடிவு, ஆயிரத்துக்கு 23 பேர் நிகர விடுபாடு. 121 கோடிக்கு அது ஏறக்குறைய இரண்டே முக்கால் கோடி. விடுபடுபவர்கள் நாடெங்கும் சீராகப் பரவியிருப்பதில்லை. கைக்குழந்தைகளும் வேலை தேடி இடம்பெயர்ந்தவர்களும் அதிகம் விடுபடுவார்கள். இந்தியாவில் இந்த விடுபாட்டைச் சேர்த்துக் கணக்கைத் திருத்தும் வழக்கம் இல்லை. அரசியல் சாசனத்தின் 81ஆவது பிரிவு தொகுதிகளுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்வதும், உணவுச் சட்டத்தைப் போலவே, கணக்கெடுப்பில் வெளியிடப்பட்ட எண்ணைத்தான்.